எந்திரத்துக்குக் கண் கொடுத்த பேராசிரியர்

1970-ம் ஆண்டு. ஜப்பானில் ஒசாகா நகரில் உலகப் பொருட்காட்சி நடந்தது.

மார்ச் மாதம் தொடங்கிச் செப்டம்பர் வரை ஆறு மாதம் நடந்த பொருட்காட்சி அது. 6 கோடியே 40 லட்சம் பேர் வந்து பார்த்தார்கள்.

அங்கே ஒரு கம்பெனி புதுமாதிரியான வேடிக்கை ஒன்றை வைத்திருந்தது. டெலிவிஷன் காமிராவுக்கு எதிரே போய் உட்கார வேண்டும். காமிரா முகத்தைப் படம் பிடிக்கும். பக்கத்தில் கம்ப்யூட்டர். "மின்சார மூளை" என்று அந்நாளில் பத்திரிகைகள் எழுதினவே, அதுதான்.

கம்ப்யூட்டர் அந்தப் படத்தில் கண்ணைத் தேடும். மூக்கைத் தேடும். வாயைத் தேடும். பிறகு, உலகப் புகழ் பெற்ற ஏழு பேரில் ஒருவரைக் காட்டி, "உங்கள் முகம் இவருடைய முகத்தைப் போன்றது" என்று சொல்லும்.

அவ்வளவுதான் வேடிக்கை!

கம்ப்யூட்டர் சொன்னது எப்போதும் சரியாக இருந்தது என்று சொல்ல முடியாது. வாய் என்று நினைத்து வேறு எதையோ பிடித்துக்கொள்ளும். ஆனாலும் கூட்டம் குறையவில்லை. எந்திரம் மனிதனுக்கு முக ஜாடை பார்த்துச் சொல்கிறது என்றால் யாருக்குத்தான் ஆசை இருக்காது?

வந்தவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். அவர்களுடைய முகங்கள் மட்டும் காந்த நாடாவில் பதிவாகித் தங்கிவிட்டன. இந்நாளில் என்றால், "என் முகத்தை எதற்காக எடுத்து வைக்கிறீர்கள்?" என்று ஆயிரம் கேள்விகள் எழும்.

அந்த முகங்கள் ஒரு மாணவருக்குப் புதையலாகக் கிடைத்தன. அவர் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். பெயர் டக்கேயோ கனாடே.

பின்னாளில் எந்திரத்துக்குப் பார்வை கொடுத்த முன்னோடிகளில் ஒருவர் என்று உலகம் புகழ்ந்த பேராசிரியர் இவர்தான்.

குழந்தைக்குத் தெரிவது எந்திரத்துக்குத் தெரியாது

கனாடே பிறந்தது 1945 அக்டோபர் 24-ந் தேதி. ஊர், ஜப்பானில் ஹியோகோ மாநிலம். உலகப் போர் முடிந்து இரண்டே மாதம் ஆகியிருந்தது.

அவர் கல்லூரியில் படித்த காலத்தில் கம்ப்யூட்டர் பெரிய பெரிய கணக்குகளை நொடியில் போட்டது. பத்து இலக்க எண்ணைப் பத்து இலக்க எண்ணால் பெருக்கு என்றால் பெருக்கிவிடும். ஆனால் ஒரு படத்தைக் காட்டி, "இது பூனையா, பானையா?" என்று கேட்டால் விழிக்கும்.

ஒரு வயதுக் குழந்தைக்கு அம்மா முகம் தெரிகிறது. அம்மா பொட்டு மாற்றினாலும் தெரிகிறது. தலைமுடியை அவிழ்த்துவிட்டாலும் தெரிகிறது. மங்கலான விளக்கு வெளிச்சத்திலும் தெரிகிறது. கம்ப்யூட்டருக்கு ஏன் தெரியவில்லை?

காரணம் இதுதான். கம்ப்யூட்டரின் பார்வையில் படம் என்று ஒன்று கிடையாது. எண்கள் மட்டுமே உண்டு.

ஒரு படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு வெளிச்சம் என்று ஓர் எண் எழுதுங்கள். இருட்டு என்றால் சின்ன எண். வெளிச்சம் என்றால் பெரிய எண். இப்படிப் பல்லாயிரம் எண்கள். கம்ப்யூட்டரிடம் போய்ச் சேருவது இந்த எண் மூட்டைதான். இதில் எது மூக்கு? எது மூக்கின் நிழல்?

கனாடே இந்த எண் மூட்டைக்குள் புகுந்தார்.

முதலில் வெளிச்சம் திடீரென்று மாறும் இடங்களை மட்டும் கோடுகளாக எடுத்தார். முகம் கோட்டோவியம் போல ஆயிற்று. பிறகு தேடும் வேலை. தலை உச்சி எங்கே? கன்னத்தின் ஓரம் எங்கே? மூக்கு, வாய், மோவாய் எங்கே? கண் எங்கே?

ஒரு படியில் தவறு நேர்ந்தால் என்ன செய்வது? மூக்கு கிடைத்த இடத்துக்குக் கீழே வாயைக் காணோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "அப்படியானால் மூக்கு என்று நினைத்ததே தவறு" என்று கம்ப்யூட்டர் திரும்பிப் போகும். முந்திய படியை மறுபடி செய்யும். வழி தவறியவன் வந்த முச்சந்திக்கே திரும்பிப் போய் வேறு தெருவில் நுழைவதைப் போல.

இந்நாளில் இது சாதாரணமாகத் தோன்றலாம். அந்நாளில் இது புதுமை.

இருபதில் பதினைந்து

பொருட்காட்சியில் கிடைத்த முகங்கள் உள்பட எண்ணூறுக்கு மேற்பட்ட படங்களை அவருடைய கம்ப்யூட்டர் பார்த்தது. அத்தனை முகங்களை வைத்து அதற்கு முன் எவரும் பரீட்சை செய்ததில்லை என்றே சொல்லலாம்.

அடுத்த பரீட்சை இன்னும் கடினமானது. 20 பேரை அழைத்து ஒவ்வொருவரையும் இரண்டு தடவை படம் பிடித்தார்கள். ஒவ்வொரு படத்திலும் முகத்தை 16 வகையில் கம்ப்யூட்டர் அளந்தது. கண்ணுக்கும் கண்ணுக்கும் உள்ள தூரம், மூக்கின் அகலம், மோவாயின் வளைவு என்று இப்படி. பிறகு, இரண்டாவது படத்தில் இருப்பவர் முதல் படத்தில் யார் என்று கண்டுபிடிக்கவேண்டும்.

15 பேரைச் சரியாகக் கண்டுபிடித்தது. 5 பேரைத் தவறவிட்டது.

கனாடே இரண்டையும் தம் ஆராய்ச்சி நூலில் எழுதிவைத்தார். 1974-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

எந்திரம் முதலிலிருந்து கடைசி வரை தானே முகத்தைப் பார்த்து, தானே அளந்து, தானே ஆளைச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று துறையினர் சொல்கிறார்கள். அந்த 5 பேரைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

கிண்டியில் படித்தவர் நடத்திய நிலையம்

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் என்று ஒரு நகரம். இரும்பு ஆலைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே கார்னகி மெல்லன் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1979-ல் அந்தப் பல்கலைக்கழகம் ரோபோக்களுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கியது.

ரோபோ என்றால் எந்திர மனிதன். கை, கால், தலை எல்லாம் இருக்கவேண்டும் என்பதில்லை. தானாகப் பார்த்து, தானாக முடிவு செய்து, தானாக வேலை செய்யும் எதுவும் ரோபோதான்.

அந்த நிலையத்தின் முதல் இயக்குநர் யார் தெரியுமா? ராஜ் ரெட்டி. சித்தூர் மாவட்டத்தில் 1937-ல் பிறந்தவர். அப்போது அது சென்னை மாகாணத்தில் இருந்தது. நம் கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் படித்து 1958-ல் பட்டம் பெற்றவர். கம்ப்யூட்டர் துறையின் மிகப்பெரிய பரிசான டூரிங் விருதை 1994-ல் பெற்றவர்.

1980-ல் கனாடே அங்கே போய்ச் சேர்ந்தார். பிட்ஸ்பர்க்தான் அவருக்கு இரண்டாவது ஊர் ஆயிற்று. 1992-ல் ராஜ் ரெட்டிக்கு அடுத்து கனாடேயே இயக்குநர் ஆனார். 2001 வரை அந்தப் பதவியில் இருந்தார்.

அங்கே சேர்ந்த மறு ஆண்டே இரண்டு அருமையான காரியங்கள் நடந்தன.

முதலாவது, எந்திரக் கை.

அதுவரை ரோபோவின் கையில் மோட்டார் ஓரிடத்தில் இருக்கும். மூட்டு வேறோர் இடத்தில் இருக்கும். நடுவில் பல் சக்கரங்கள். பல்லுக்கும் பல்லுக்கும் இடையே எப்போதும் சிறிது இடைவெளி உண்டு. கை நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல் ஆடும். உராய்வும் சேர்ந்துகொள்ளும். ஊசியில் நூல் கோப்பது போன்ற வேலைக்கு ஆகாது.

ஹருஹிக்கோ அசாடா என்ற மற்றொரு ஜப்பானியரும் கனாடேயும் சேர்ந்து யோசித்தார்கள். பல் சக்கரமே இல்லாவிட்டால் என்ன? மோட்டாரை மூட்டிலேயே நேராக வைத்துவிட்டால்?

யோசனை எளிது. ஆனால் அதற்குச் சிறிய உருவமும் பெரிய பலமும் உள்ள மோட்டார் வேண்டும். அப்போதுதான் அபூர்வ உலோகங்களில் செய்த சக்தி வாய்ந்த காந்தங்கள் வந்திருந்தன. அந்தக் காந்த மோட்டார்களை வைத்து 1981-ல் கையைச் செய்து முடித்தார்கள். வேகமாகவும் ஆட்டமின்றியும் சாமான் எடுத்து வைக்கும் தொழிற்சாலை ரோபோக்களில் இந்த முறை பிறகு இடம் பிடித்தது.

ஆறு பக்கக் கட்டுரை

இரண்டாவது காரியம் இன்னும் பெரியது. ஆனால் அது ஆறே பக்கம் உள்ள ஒரு கட்டுரை!

புரூஸ் லூக்காஸ் என்ற மாணவரும் கனாடேயும் சேர்ந்து எழுதியது. 1981-ல் கனடா நாட்டில் வான்கூவர் நகரில் நடந்த மாநாட்டில் வெளியாயிற்று.

அது சொல்லும் விஷயத்தைக் கணக்குத் தெரியாதவரும் புரிந்துகொள்ளலாம்.

சினிமாச் சுருளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு விநாடிக்கு 24 படம். அடுத்தடுத்த இரண்டு படங்களைப் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். உற்றுப் பார்த்தால் கதாநாயகன் கை மயிரிழை அளவு நகர்ந்திருக்கும்.

எவ்வளவு நகர்ந்தது, எந்தப் பக்கம் நகர்ந்தது என்று எந்திரம் கண்டுபிடிக்கவேண்டும். எந்திரக் கண்ணுக்கு இதுதான் அரிச்சுவடி. இது தெரியாவிட்டால் எதிரே வரும் மாடு தன்னை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்று ரோபோவுக்குத் தெரியாது.

பழைய முறை என்ன? ஒரு படத்தின் மேல் இன்னொரு படத்தை வைத்து இப்படி நகர்த்து, அப்படி நகர்த்து, ஒவ்வொரு தடவையும் பொருந்துகிறதா பார். எது சாவி என்று தெரியாதவன் கொத்தில் உள்ள எல்லாச் சாவியையும் பூட்டில் போட்டுப் பார்ப்பது போல. கம்ப்யூட்டருக்கே மூச்சு வாங்கும்.

லூக்காசும் கனாடேயும் கண்ட வழி வேறு.

கும்மிருட்டில் ஒருவன் ஏரிக்கரைச் சரிவில் இறங்குகிறான். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அது அவனுக்குப் பழகிய கரை. பத்து அடி நடந்தால் ஓர் அடி பள்ளம் என்று தெரியும். இப்போது அவன் இரண்டு அடி கீழே இறங்கியிருக்கிறான். எவ்வளவு தூரம் நடந்திருப்பான்? இருபது அடி. கண்ணால் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

படத்திலும் சரிவு உண்டு. ஒரு பக்கம் வெளிச்சம் கூடிக்கொண்டே போகும். மறு பக்கம் குறைந்துகொண்டே போகும். ஓர் இடத்தில் வெளிச்சம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார். அந்த இடத்தில் வெளிச்சத்தின் சரிவு எவ்வளவு என்று பார். ஒன்றை மற்றொன்றால் வகுத்துவிடு. படம் நகர்ந்த தூரம் வந்துவிடும்.

முதல் கணக்கில் விடை ஏறக்குறையத்தான் வரும். பரவாயில்லை. அந்த அளவுக்குப் படத்தை நகர்த்திவிட்டு மறுபடி கணக்குப் போடு. இன்னும் நெருங்கும். சில தடவைகளில் கச்சிதமாகப் பொருந்திவிடும்.

சமதரையில் இந்த வித்தை பலிக்காது. சரிவே இல்லையே! அதனால்தான் வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு எந்திரத்தால் தன் நகர்வைச் சொல்ல முடிவதில்லை. எந்தெந்த இடத்தை நம்பலாம் என்று 1991-ல் கார்லோ தொமாசி என்ற மாணவரும் கனாடேயும் விதி வகுத்தார்கள். ஜன்னல் மூலை நல்லது. சட்டைப் பித்தான் நல்லது. எந்தப் பக்கம் போனாலும் வெளிச்சம் மாறும் இடமாக இருக்கவேண்டும்.

கல்யாண வீட்டில் கைநடுங்க எடுத்த வீடியோ ஆடாமல் ஓடுகிறதா? வயலுக்கு மேலே பறக்கும் சின்னஞ்சிறு ஆளில்லா விமானம் காற்றில் நகராமல் ஒரே இடத்தில் நிற்கிறதா? அத்தகைய வேலைகளுக்கு அடிப்படையாக இந்தக் கணக்கு இருந்து வருகிறது. கம்ப்யூட்டர் பார்வை படிக்கும் மாணவர் எந்த நாட்டில் இருந்தாலும் "லூக்காஸ்–கனாடே" என்ற பெயரைக் கேட்காமல் பாடத்தை முடிப்பதில்லை.

காகிதக் கப்பல்

கனாடேயிடம் ஒரு பழக்கம். பிரச்னை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் முதலில் ஒன்றும் தெரியாதவனைப் போல யோசிப்பார். பிறகு கைதேர்ந்த தொழிலாளியைப் போலச் செய்து முடிப்பார். இதையே தலைப்பாக வைத்து ஜப்பானிய மொழியில் ஒரு புத்தகமும் எழுதியிருக்கிறார்.

காகித விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் பெட்டியின் படத்தைக் கோடுகளால் வரைகிறோம். தாள் தட்டை. ஆனாலும் நம் கண்ணுக்கு அது கனமுள்ள பெட்டியாகத் தெரிகிறது. எந்திரத்துக்கு அதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

மற்ற ஆராய்ச்சியாளர்கள் உலகத்தை மரக்கட்டைகளால் ஆனதாக எண்ணிக்கொண்டு கணக்குப் போட்டார்கள். ஜப்பானில் குழந்தைகள் காகிதத்தை மடித்துக் கொக்கும் கப்பலும் செய்வார்கள். அந்தக் கலைக்கு ஒரிகாமி என்று பெயர். உலகத்தை மடித்த காகிதமாக எண்ணிப் பார்த்தால் என்ன என்று கனாடே கேட்டார். மூடாத பெட்டி, பாதி திறந்த கதவு, மடக்கிய அட்டை எல்லாம் அப்போது கணக்குக்குள் வந்துவிட்டன. 1980-ல் அந்தக் கட்டுரை வெளிவந்தபோது அதன் பெயரிலேயே ஒரிகாமி இருந்தது.

கை வைக்காமல் ஓடிய கார்

1980-களின் நடுவில் பிட்ஸ்பர்க் தெருக்களில் ஒரு விசித்திர வண்டி ஊர்ந்தது. உள்ளே கம்ப்யூட்டர்கள். மேலே காமிரா. சாலையைத் தானே பார்த்துத் தானே ஓட்டும் வண்டி. கனாடேயும் சக்கரவர்த்தி போல அதற்கு ஒரு படையும் சேர்ந்து உழைத்தார்கள் என்று நினைக்கவேண்டாம். சார்லஸ் தார்ப், மார்ஷியல் ஹெபர், ஸ்டீவன் ஷேபர் போன்ற சக ஆராய்ச்சியாளர்களும் மாணவர்களுமாகச் சேர்ந்து செய்த வேலை அது.

தொடக்கத்தில் வண்டியின் வேகம் மனிதன் நடக்கும் வேகம்கூட இல்லை. மரத்தின் நிழல் சாலையில் விழுந்தால் சாலை முடிந்துவிட்டது என்று எண்ணிக்கொள்ளும். ஒவ்வொரு குறையாகத் தீர்த்தார்கள்.

1995 ஜூலை மாதம் பெரிய சோதனை. டீன் பாமர்லோ, டாட் ஜாக்கெம் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அந்த வரிசையில் ஐந்தாவது வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். பிட்ஸ்பர்க்கில் தொடங்கி மேற்குக் கரையில் சான் டியாகோ வரை பயணம். செலவுக்குப் பணம் வேண்டுமே? பயணத்தின் பெயரை அச்சடித்த பனியன்களை விற்றார்கள்!

மொத்தம் 2,849 மைல். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீருக்குப் போவதைவிட அதிக தூரம். அதில் 2,797 மைல் தூரத்துக்குக் கம்ப்யூட்டரே ஸ்டீயரிங்கைப் பிடித்து ஓட்டியது. வேகத்தைக் கூட்டுவதும் பிரேக் போடுவதும் மனிதர் வேலை. மீதி 52 மைல்தான் மனிதர் ஸ்டீயரிங்கைத் தொட்டார்.

பத்திரிகைகள் வியந்தன. ஆனால் விஷயம் தெரிந்தவர்களுக்கு அந்த 52 மைல்தான் பெரிதாகப் பட்டது. தானோட்டி வண்டி செய்கிறவர்கள் அதற்குப் பிறகு பல ஆண்டுகள் பாடுபட்டதெல்லாம் இந்த மாதிரி மிச்ச மைல்களுக்காகத்தான்.

மைதானத்தைச் சுற்றி முப்பது கண்கள்

ஒரு காமிரா ஒரு பக்கத்தைத்தான் பார்க்கும். சுற்றிலும் காமிராக்களை வைத்து எல்லாவற்றையும் சேர்த்தால், நாம் எங்கே நின்று பார்க்க ஆசைப்படுகிறோமோ அங்கே நின்று பார்ப்பது போலச் செய்யலாமே?

1990-களில் கனாடே தம் சோதனைச்சாலையில் ஒரு கூண்டு கட்டினார். கவிழ்த்த கூடை போல வட்டமாக இருக்கும். சுற்றிலும் 51 காமிராக்கள். உள்ளே ஒருவர் நின்று மட்டையைச் சுழற்றுவார். 51 கண்களும் ஒரே நேரத்தில் பார்க்கும். கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் சேர்த்து அந்த மனிதரின் கனமான உருவத்தையே செய்து கொடுக்கும்.

2001 ஜனவரி 28. அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான "சூப்பர் பவுல்" தாம்பா நகரில் நடந்தது. அந்நாட்டில் அன்று வீட்டுக்கு வீடு டெலிவிஷன் முன்தான் இருப்பார்கள்.

மைதானத்தின் மேல் தட்டில் சுற்றிலும் முப்பதுக்கு மேற்பட்ட காமிராக்கள். ஒவ்வொன்றும் ரோபோ தலையின் மேல் உட்கார்ந்திருந்தது. ஒருவர் ஒரு காமிராவைத் திருப்பினால் போதும். மற்ற எல்லாக் காமிராக்களும் அதே இடத்தை நோக்கித் தாமாகவே திரும்பிக்கொள்ளும்.

பந்தோடு ஒருவர் பாய்கிறார். சட்டென்று படம் நிற்கிறது. அவர் அந்தரத்தில் நிற்கிறார். பார்ப்பவரின் கண் மட்டும் அவரைச் சுற்றி வருகிறது! அந்த ஒளிபரப்பில் பேராசிரியரும் சில விநாடிகள் தோன்றினார். பேராசிரியர் ஒருவர் அந்த ஆட்டத்தின் ஒளிபரப்பில் தலைகாட்டுவது அடிக்கடி நடக்கிற காரியமா என்ன?

அந்த ஐந்து பேர்

கியோட்டோவில் எந்திரம் தவறவிட்ட 5 பேரை இப்போது நினைத்துப் பார்க்கவேண்டும்.

முகத்தை அடையாளம் காண்பதற்கு முன்னால், படத்தில் முகம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவேண்டும். கூட்டத்தின் படத்தில் எத்தனை முகம்? எது முகம்? எது வெறும் சுவர்க் கறை? 1990-களின் நடுவில் ஹென்றி ரவுலி, சுமீத் பலுஜா என்ற மாணவர்களும் கனாடேயும் கம்ப்யூட்டருக்கு ஆயிரக்கணக்கான முகங்களைக் காட்டிப் பழக்கி இதைச் செய்து காட்டினார்கள். கனாடேயின் வேறொரு மாணவரான ஹென்றி ஷ்னைடர்மன் தம் தோழர்களுடன் தொடங்கிய கம்பெனியை 2011-ல் கூகுள் வாங்கியது.

இந்நாளில் டெலிபோனைக் கையில் எடுத்தால் முகம் பார்த்துத் திறக்கிறது. விமான நிலையத்தில் முகம் பார்த்து உள்ளே விடுகிறார்கள். போலீசாரும் முகம் பார்க்கும் எந்திரத்தை வைத்திருக்கிறார்கள்.

2020 ஜனவரியில் அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரில் என்ன நடந்தது? கடையில் திருடியவனின் மங்கலான படம் போலீசாரிடம் இருந்தது. எந்திரம் அதைப் பார்த்து ஒருவரைக் காட்டியது. போலீசார் அவர் வீட்டு வாசலில், மனைவியும் சின்னஞ்சிறு பெண் குழந்தைகளும் பார்த்துக்கொண்டிருக்க, அவரைக் கைது செய்தார்கள். சுமார் 30 மணி நேரம் காவலில் இருந்தார்.

திருடியவர் அவரல்ல!

அந்த எந்திரம் கனாடே செய்ததல்ல. ஆனால் ஒசாகாவில் வேடிக்கையாகத் தொடங்கியது எங்கே வந்து நிற்கிறது என்பதற்கு இது சாட்சி. பொருட்காட்சியில் எந்திரம் தவறாகச் சொன்னால் சிரிப்பு வரும். காவல் நிலையத்தில் தவறாகச் சொன்னால் ஒரு குடும்பம் அழும். எந்திரம் சொன்னதை மட்டும் வைத்து இனி யாரையும் கைது செய்வதில்லை என்று 2024-ல் டெட்ராய்ட் போலீசார் விதியை மாற்றினார்கள்.

இருபதில் பதினைந்து என்று அந்த மாணவர் அன்று எழுதியது வெறும் கணக்கு அல்ல. எந்திரம் எத்தனை தடவை தவறும் என்பதையும் சேர்த்துச் சொல்லும் பழக்கம் அது. முகம் பார்க்கும் எந்திரத்தை விற்பவர்களிடமும் வாங்குபவர்களிடமும் கேட்கவேண்டிய முதல் கேள்வியும் அதுதான்.

மழைத்துளிக்கு வழி விடும் விளக்கு

அறுபது வயதுக்குப் பிறகு கனாடேயின் கவனம் முதியவர்கள் பக்கமும் கை கால் வழங்காதவர்கள் பக்கமும் திரும்பியது. 2006-ல் கார்னகி மெல்லனும் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து இதற்காகவே ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்கின. கனாடே அதன் இயக்குநர்களில் ஒருவர். தனியாக வாழும் பாட்டிக்கும் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் அன்றாடக் காரியங்களில் கைகொடுக்கும் ரோபோ வேண்டும் என்பது நோக்கம்.

கார் விளக்கையும் அவர் விட்டுவைக்கவில்லை. மழை இரவில் கார் ஓட்டியவர்களுக்குத் தெரியும். விளக்கு வெளிச்சம் மழைத்துளியில் பட்டுப் பளபளவென்று கண்ணையே கூசும். எதிரே ரோடு தெரியாது. சீனிவாச நரசிம்மன் என்ற பேராசிரியரும் கனாடேயும் மற்றவர்களும் 2012-ல் ஒரு விளக்கைக் காட்டினார்கள். காமிரா மழைத்துளி விழுவதைப் பார்க்கிறது. அடுத்த கணம் அது எங்கே இருக்கும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. விளக்கு அந்தத் துளி இருக்கும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு, துளிகளுக்கு நடுவே ஒளியைப் பாய்ச்சுகிறது. துளி கண்ணில் படாது. ரோடு தெரியும்.

ஒன்றும் தெரியாதவன் யோசிப்பது போன்ற யோசனைதான். ஆனால் துளி விழும் நேரத்துக்குள் பார்த்து, கணக்குப் போட்டு, விளக்கை மாற்றவேண்டுமே! அது தேர்ந்தவன் வேலை.

2016-ம் ஆண்டுக்கான கியோட்டோ பரிசு அவருக்குக் கிடைத்தது. தங்கப் பதக்கமும் 5 கோடி யென்னும். எந்த ஊரில் எண் மூட்டைக்குள் மூக்கைத் தேடிக்கொண்டிருந்தாரோ, அதே கியோட்டோவில் நவம்பர் மாதம் நடந்த விழாவில், 71 வயதுப் பேராசிரியர் மேடையேறி அதைப் பெற்றுக்கொண்டார்.